வன்தட்டின் பேரிங்கும் நம்பகத்தன்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) வாங்கப் போகிறவர்களிடம், "திரவ பேரிங் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அதுதான் உழைக்கும்" என்று சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த அறிவுரைக்குப் பொருள் இருந்தது. இன்று அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பேரிங்கைப் பற்றி அறிந்துகொள்வது வாங்குவதற்கு உதவுமா, வாங்கியதைக் காப்பதற்கு உதவுமா என்பவற்றைக் கீழுள்ள கேள்விகளும் பதில்களும் பார்க்கின்றன.

வன்தட்டுக்குள் பேரிங் எங்கே இருக்கிறது? அதன் வேலை என்ன?

வன்தட்டின் உள்ளே இருக்கும் வட்டமான தட்டுகள் ஒரு சிறிய மோட்டாரின் மையத்தில் இறுகப் பூட்டப்பட்டுள்ளன. அந்த மோட்டாரில் அசையாத பகுதிக்கும் சுழலும் பகுதிக்கும் நடுவே அமர்ந்து, சுழற்சிக்குத் தடையாகாமலும் தட்டுகளைத் தள்ளாட விடாமலும் பிடித்திருப்பதே பேரிங்கின் வேலை. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வன்தட்டு நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. நிறுத்தாமல் ஓராண்டு ஓடினால் ஏறத்தாழ 378 கோடிச் சுற்றுகள் ஆகின்றன. 3.5 அங்குல வன்தட்டில் உள்ள தட்டின் விட்டம் சுமார் 95 மில்லிமீட்டர் என்பதால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அவ்வளவு வேகமாக ஓடும் பரப்புக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடிதான் காந்த முனை தரவைப் படிக்கிறது, எழுதுகிறது. ஆகவே இந்தப் பேரிங் சிக்கிக்கொள்ளாமல் சுழன்றால் மட்டும் போதாது; கண்ணுக்கே தெரியாத அளவுக்குக்கூட ஆடாமல் சுழல வேண்டும்.

வன்தட்டில் இன்னோர் இடத்திலும் பேரிங் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முனைகளைத் தாங்கிய கை உள்ளும் புறமும் அசைவதற்கான அச்சிலும் பேரிங் வேண்டும். அங்கே இன்றும் குண்டுகள் உருளும் சிறு பால் பேரிங்குகளே பயன்படுகின்றன. முழுச் சுற்று சுற்றாமல் சில பாகை மட்டுமே அசையும் இடம் என்பதால் அதன் தேவைகள் வேறு. "இந்த வன்தட்டில் என்ன பேரிங்?" என்று கேட்கும்போது எல்லோரும் குறிப்பிடுவது மோட்டாரின் பேரிங்கைத்தான், இங்கும் அப்படியே கொள்க.

பால் பேரிங் எப்படி வேலை செய்கிறது? அதை ஏன் கைவிட்டார்கள்?

உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே கிரீஸ் தடவிய எஃகுக் குண்டுகள் என்ற அமைப்பு மிதிவண்டி முதல் மின்விசிறி வரை எல்லாவற்றிலும் இருப்பதுதான். வன்தட்டுகளில் இத்தகைய பேரிங்குகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடைவெளி இல்லாதபடி சற்று அழுத்தம் கொடுத்துப் பொருத்தினார்கள். பல ஆண்டுகள் வன்தட்டுகள் இந்த அமைப்பில்தான் ஓடின, பெரும்பாலும் நன்றாகவே ஓடின.

பால் பேரிங் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால்தான் அதைக் கைவிட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். முதன்மையான காரணம் அதுவன்று. எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் ஒரு குண்டு இன்னொரு குண்டைப் போலச் சரியாக உருண்டையாக இருப்பதில்லை. அவை உருளும் பாதையிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் இருக்கும். குண்டுகளின் தொகுதி தண்டின் வேகத்தில் சுற்றாமல் அதைவிடக் குறைந்த வேகத்தில் சுற்றுவதால், ஒவ்வொரு சுற்றிலும் வேறு குண்டு வேறு இடத்தில் வந்து நிற்கிறது. விளைவாக, தட்டின் தள்ளாட்டம் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் தள்ளாட்டம் என்றால் வன்தட்டின் கட்டுப்பாட்டு மின்சுற்று அதைக் கற்றுக்கொண்டு, முனையையும் அதற்கேற்ப நகர்த்தி ஈடுசெய்துவிடும். மாறிக்கொண்டே இருக்கும் தள்ளாட்டத்தை அப்படி முன்கூட்டி அறிய வழியில்லை.

இது எந்த அளவுக்குத் தொல்லை என்பது, தட்டில் தரவு எழுதப்படும் வட்டப் பாதைகளான தடங்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைப் பொறுத்தது. ஓர் அங்குலத்துக்கு 10,000 தடங்கள் என்றால் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.54 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தூரம் இருக்கும். மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு ஆட்டம் அங்கே பொருட்டே அல்ல. ஓர் அங்குலத்துக்கு ஐந்து லட்சம் தடங்கள் என்றால் அந்தத் தூரம் 50 நானோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே பத்தில் ஒரு பங்கு மைக்ரான் ஆட்டம் இப்போது முனையை இரண்டு தடங்கள் தள்ளி நிறுத்திவிடும். கொள்ளளவு வளர வளர, பால் பேரிங் தேய்வதற்கு முன்பே அதன் துல்லியம் போதாமல் போயிற்று.

இன்னொரு காரணம் ஒலி. வேகம் கூடும்போது உலோகக் குண்டுகள் உலோகப் பாதையில் உருளும் ஒலி ஒரு கீச்சுக் குரலாக மாறுகிறது. சீகேட் நிறுவனம் 1992-இல் முதல் 7,200 சுற்று வன்தட்டையும், 1996-இல் முதல் 10,000 சுற்று வன்தட்டையும் கொண்டுவந்தது. அந்தக் காலத்து இயந்திரங்களோடு ஒரே அறையில் வேலை செய்தவர்களுக்கு அந்த ஒலி மறந்திருக்காது.

திரவ பேரிங் என்பது என்ன?

குண்டுகளை எடுத்துவிட்டு, தண்டுக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் இடையே சில மைக்ரான் தடிமனில் எண்ணெயை நிரப்பினால் அது திரவ பேரிங். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவில் வைத்தால் இந்த இடைவெளியின் சிறுமை புரியும். மொத்த எண்ணெயும் ஒரு துளிக்குக் குறைவே.

நுட்பம் எண்ணெயில் மட்டும் இல்லை. தண்டின் மேலோ உறையின் உட்புறத்திலோ மீன்முள் போன்ற வடிவில் நுண்ணிய பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. தண்டு சுழலும்போது இந்தப் பள்ளங்கள் எண்ணெயை இரு புறங்களிலிருந்தும் நடுப்பகுதியை நோக்கித் தள்ளுகின்றன. அங்கே எழும் அழுத்தம் தண்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தாங்கிப் பிடிக்கிறது. வெளியிலிருந்து எந்தப் பம்பும் வேண்டியதில்லை. சுழற்சியே அழுத்தத்தை உண்டாக்குகிறது. மேலும் கீழுமான அசைவைத் தடுப்பதற்குத் தட்டையான ஒரு பரப்பில் இதே போன்ற பள்ளங்கள் தனியாக உண்டு. முழு வேகத்தில் சுழலும்போது உலோகத்தை உலோகம் தொடுவதே இல்லை.

தனித்தனிக் குண்டுகளின் பிழைகள் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லாததால், மாறிக்கொண்டே இருக்கும் தள்ளாட்டம் பெருமளவு குறைந்துவிடுகிறது. எண்ணெய்ப் படலம் அதிர்வையும் விழுங்கிக்கொள்வதால் ஒலியும் அடங்குகிறது. 2001-இல் வந்த சீகேட் பாரகுடா ஏடிஏ 4 வீட்டுக் கணினிகளுக்கான வன்தட்டுகளில் இந்த வேறுபாட்டைப் பலருக்கும் முதன்முதலாகக் காதால் உணர்த்தியது. மோட்டார் ஓடுகிறதா என்று பெட்டியைத் தொட்டுப் பார்க்கும்படி அது அமைதியாக இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் இதே வழிக்கு வந்துவிட்டன.

தொடங்கும்போதும் நிற்கும்போதும் தண்டும் உறையும் உரசாதா?

உரசும். சுழற்சி போதிய வேகத்தை எட்டும்வரை அழுத்தம் உருவாவதில்லை என்பதால், ஒவ்வொரு தொடக்கத்திலும் நிறுத்தத்திலும் மிகக் குறுகிய நேரத்துக்குத் தொடுகை உண்டு. இதை எதிர்பார்த்தே பரப்புகள் கடினமாக்கப்படுகின்றன; எண்ணெயும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நடைமுறையில், தொடங்கி நிறுத்தும் எண்ணிக்கையால் ஒரு வன்தட்டின் ஆயுள் குறைகிறது என்றால், அந்தச் சேதம் பேரிங்கை விட முனைகளுக்கும் அவை இறங்கி ஓய்வெடுக்கும் இடத்துக்கும்தான் முதலில் வருகிறது. தயாரிப்பாளர்கள் விவரத்தாளில் முனை ஏறி இறங்கும் எண்ணிக்கைக்கு 3,00,000 அல்லது 6,00,000 என்று வரம்பு கொடுக்கிறார்கள். பேரிங்குக்கென்று தனி எண்ணிக்கை எதையும் கொடுப்பதில்லை.

எண்ணெய் கசிந்துவிடாதா? வற்றிவிடாதா?

இது நியாயமான ஐயம். தட்டுகள் இருக்கும் அறைக்குள் எண்ணெய்த் திவலை ஒன்று சென்றாலும் முனைக்கு அது ஆபத்து. இதைத் தடுப்பதற்கு ரப்பர் வளையம் எதுவும் இல்லை. பரப்பு இழுவிசைதான் காவல். இடைவெளி ஒரு முனையில் மெல்ல விரிந்து செல்லும்படி அமைக்கப்பட்டிருப்பதால், எண்ணெய் எப்போதும் குறுகலான பகுதியை நோக்கியே இழுக்கப்படுகிறது. மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறி நிற்பதும் இதே விசையால்தான். விரிந்த பகுதி ஒரு சிறு சேமிப்பிடமாகவும் பயன்படுகிறது. ஆண்டுக்கணக்கில் ஆவியாகும் சிற்றளவை அது ஈடுசெய்கிறது. எளிதில் ஆவியாகாத எஸ்டர் வகை எண்ணெய்களைத் தேர்ந்தெடுப்பதும் இதற்காகவே. வழக்கமான பயன்பாட்டில் ஒரு வன்தட்டு எண்ணெய் வற்றி நிற்பதற்கு முன்பு வேறு ஏதேனும் ஒன்றால் பழுதாகிவிடும், அல்லது கொள்ளளவு போதாமல் ஓய்வு பெற்றுவிடும்.

இன்று கிடைக்கும் வன்தட்டுகளில் எது பால் பேரிங், எது திரவ பேரிங்?

புதிதாக விற்கப்படும் வன்தட்டுகள் எல்லாவற்றிலும் திரவ பேரிங்தான். தெரிவு என்று ஒன்றில்லை. சில விவரத்தாள்களில் அது பெருமையாகக் குறிப்பிடப்பட்டிருக்கும், சிலவற்றில் குறிப்பிடப்படாமலே இருக்கும். குறிப்பிடாதது பால் பேரிங் என்று பொருளல்ல.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வன்தட்டு செய்யும் நிறுவனங்கள் இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூன்றாகக் குறைந்துவிட்டன. அவற்றுக்கான மோட்டார்களில் மிகப் பெரும் பங்கைச் செய்வது 1973-இல் தொடங்கப்பட்ட, ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நிடெக் என்ற ஒரே நிறுவனம். 2011-இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தபோது, வன்தட்டு ஆலைகளோடு மோட்டார் ஆலைகளும் மூழ்கியதால் உலகம் முழுவதும் வன்தட்டுத் தட்டுப்பாடு ஏற்பட்டது இதனால்தான். வெவ்வேறு பெயர் ஒட்டிய இரண்டு வன்தட்டுகளில் ஒரே நிறுவனத்தின் மோட்டார் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்கிறபோது, பேரிங்கை வைத்துப் பெயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய வன்தட்டு ஒன்று என்ன வகை என்று எப்படி அறிவது?

மாதிரி எண்ணைக் கொண்டு அந்தக் காலத்து விவரத்தாளைத் தேடுவதே உறுதியான வழி. அது கிடைக்காவிட்டால் தயாரிப்பு ஆண்டும் காதும் உதவும். 2000-க்கு முந்தையது என்றால் பெரும்பாலும் பால் பேரிங். 2005-க்குப் பிந்தையது என்றால் ஏறத்தாழ எப்போதும் திரவ பேரிங். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே குடும்பத்து மாதிரிகளில்கூட இரண்டு வகையும் வந்தன. தரவைப் படிக்காமல் சும்மா சுழலும்போது ஒரே சுருதியில் கீச்சொலி நீடித்துக் கேட்டால் அது பால் பேரிங்காக இருக்கலாம். திரவ பேரிங்கில் கேட்பது காற்று வீசுவது போன்ற மெல்லிய இரைச்சல். அதுவும் தட்டுகள் காற்றைக் கிழிப்பதால் எழுவது.

திரவ பேரிங் உள்ள வன்தட்டு என்றாலே நம்பகமானதுதானே?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான். இதற்கான பதில் "இல்லை" என்பதே. திரவ பேரிங் துல்லியத்துக்காகவும் அமைதிக்காகவும் வந்தது. ஆயுள் கூடியது உடன் வந்த நன்மை. வன்தட்டுகள் பழுதாவதற்கான காரணங்களில் மோட்டார் பேரிங்கின் பங்கு சிறியது; முனைகள், தட்டின் காந்தப் பூச்சு, மின்பலகை, உள்மென்பொருள் ஆகியவையே பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. கூகுள் நிறுவனம் தன் சேவையகங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவை 5,400, 7,200 சுற்று வேகத்தில் ஓடிய சாதாரண வகை வன்தட்டுகள். அவற்றில் 2001 முதல் பயன்பாட்டுக்கு வந்தவையும் அடங்கும். மோட்டார் சுழலத் தடுமாறி மறுபடி முயன்றால் வன்தட்டு தனக்குள் அதை எண்ணி வைத்துக்கொள்ளும். அந்த மொத்தத் தொகுதியிலும் அப்படி ஒரு தடுமாற்றம்கூடப் பதிவாகவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் வன்தட்டுகள் பழுதாகிக்கொண்டிருந்த அதே இடத்தில்தான் இந்தப் பூச்சியம். சேவையகத்தில் உள்ளவை அரிதாகவே நிறுத்தித் தொடங்கப்படுபவை என்ற தள்ளுபடியைக் கொடுத்தாலும், எதைப் பார்த்து அஞ்ச வேண்டும், எதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை என்பதை அந்த எண் தெளிவாகவே காட்டுகிறது.

தனி மாதிரிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. 2000-ஆம் ஆண்டில் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி மிக அதிகமாகப் பழுதாகி, வழக்கு வரை போய்ப் பெயர் கெட்டது. அங்கே பேசப்பட்ட குற்றவாளி தட்டின் பரப்பும் முனையும். 2011-இல் வந்த சீகேட்டின் 3 டெராபைட் பாரகுடா மாதிரி ஒன்று, இணையவழித் தரவுச் சேமிப்புச் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிட்ட பழுதுக் கணக்குகளில் மற்றவற்றைவிட மிக மோசமான இடத்தைப் பெற்றது; அதில் இருந்தது திரவ பேரிங்தான். அதே கணக்குகளில் அதே வகைப் பேரிங் கொண்ட வேறு மாதிரிகள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுகூடப் பழுதாகாமல் ஓடியிருக்கின்றன. இரண்டு மாதிரிகளுக்கும் பொதுவானதாக உள்ள ஒன்றை வைத்து அவற்றின் வேறுபாட்டை விளக்க முடியாது.

விவரத்தாளில் பழுதுகளுக்கிடையேயான சராசரி நேரம் (எம்டிபிஎஃப்) என்று உள்ள பத்து லட்சம் மணி நேரம் என்பது பேரிங்கின் ஆயுளா?

அல்ல, ஒரு வன்தட்டு 114 ஆண்டுகள் ஓடும் என்ற பொருளும் அதற்கு இல்லை. ஏராளமான வன்தட்டுகள் தம் வடிவமைப்பு ஆயுளுக்குள் ஓடும்போது ஆண்டுக்கு எத்தனை பழுதாகலாம் என்ற மதிப்பீட்டைத் திருப்பிப் போட்டு எழுதியதே அந்த எண். ஓராண்டின் 8,760 மணி நேரத்தைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 0.88 விழுக்காடு வரும். விவரத்தாள் சொல்ல வருவது அவ்வளவே. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் வன்தட்டுகளின் மாற்றுக் கணக்கைப் பார்த்தபோது, ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் அது 13 விழுக்காடு வரை சென்றது. விலை உயர்ந்த வகைக்கும் சாதாரண வகைக்கும் இடையே அவர்கள் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை என்பது பணப்பையைத் திறப்பதற்கு முன் நினைவில் கொள்ளத்தக்கது.

பேரிங் கெட்டுப்போவதை எப்படி அறிவது?

பால் பேரிங் போவதற்கு முன் முனகும். கிரீஸ் கெட்டியாகும்போதும் பாதையில் வடு விழும்போதும் ஒலி நாளுக்கு நாள் ஏறும். அப்படிக் கத்திக்கொண்டே ஆண்டுக்கணக்கில் ஓடிய வன்தட்டுகளும் உண்டு. நான் வைத்திருந்த பழைய வன்தட்டு ஒன்று, அடுத்த அறைக்குக் கேட்கும்படி ஊளையிட்டபடியே தன் தரவு முழுவதையும் படியெடுக்க இடம் கொடுத்தது. திரவ பேரிங் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. நேற்று வரை அமைதியாக ஓடியது, இன்று சுழல மறுத்துவிடும். மின்சாரம் கொடுத்ததும் சுழலும் ஒலி இல்லாமல், மெல்லிய "பீப்" போன்ற ஓசை விட்டு விட்டு வந்தால், மோட்டார் சுழல முயன்று தோற்கிறது என்று கொள்ளலாம். ஆனால் பேரிங் சிக்கியிருப்பதைவிட முனை தட்டின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதே இதற்கு அதிக வாய்ப்புள்ள காரணம். வெளியிலிருந்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். "டிக், டிக்" என்ற தட்டும் ஒலி பேரிங்கைச் சேர்ந்ததல்ல, முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுவதால் வருவது.

ஸ்மார்ட் எனப்படும் தன்கண்காணிப்புப் பட்டியலில் 3-ஆம் எண் சுழன்று எழ எடுக்கும் நேரம், 10-ஆம் எண் மறுமுயற்சிகளின் எண்ணிக்கை. இவை பேரிங்கோடும் மோட்டாரோடும் தொடர்புடையவை. 10-ஆம் எண் பூச்சியத்தை விட்டு நகர்ந்தால், முதலில் மின்வழங்கியையும் கம்பியையும் மாற்றிப் பாருங்கள். மின்னழுத்தம் போதாமையும் இதே அறிகுறியைத் தரும். ஆனால் அன்றாடம் பார்க்க வேண்டியவை இவற்றைவிட 5, 187, 197, 198 ஆகிய எண்கள். அவை தட்டின் பரப்பு கெடுவதைக் காட்டுபவை. இவையும் முழுக் காவல் ஆகா: கூகுளின் அதே ஆய்வில், பழுதான வன்தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின.

கீழே விழுந்தால் எந்த வகை தாங்கும்?

இங்கே திரவ பேரிங்கின் மேன்மை உண்மையானது. பால் பேரிங்கில் மொத்தச் சுமையும் குண்டும் பாதையும் தொடும் சிறு புள்ளிகளில் விழுகிறது. பலமான அடி பட்டால் பாதையில் சிறு குழிகள் விழுந்து, அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அவை ஒலிக்கும். எண்ணெய்ப் படலம் அதே அடியை அகன்ற பரப்பில் பகிர்ந்துகொள்கிறது. மடிக்கணினிக்கான 2.5 அங்குல வன்தட்டுகள் ஓடாத நிலையில் 1,000 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1,000 மடங்கு) வரையான அதிர்ச்சியைத் தாங்கும் என்று விவரத்தாளில் எழுத முடிந்ததற்கு இது ஒரு காரணம். ஓய்வு நேரத்தில் முனைகளைத் தட்டை விட்டு வெளியே நிறுத்தும் ஏற்பாடு அதற்கு நிகரான காரணம். ஓடிக்கொண்டிருக்கும்போது அதே வன்தட்டின் தாங்குதிறன் 400 ஜி அளவுக்கும், மேசைக் கணினியின் 3.5 அங்குல வன்தட்டில் 70 அல்லது 80 ஜி அளவுக்கும் இறங்கிவிடுகிறது. கடினமான தரையில் ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலே இதைத் தாண்டிவிடலாம். சுழலும் வன்தட்டைக் கையில் தூக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகவே. நிறுத்திய பிறகும், தட்டுகள் முற்றாக நிற்கப் பத்து இருபது நொடிகள் விட்டு எடுப்பது நல்லது.

விழுந்த அடியில் தண்டே சற்று வளைந்துவிட்டால் எந்தப் பேரிங்கும் காப்பாற்றாது. சில மைக்ரான் இடைவெளியில் அந்த வளைவு தண்டை உறையோடு கவ்விக்கொள்ளும்.

வெப்பமும் குளிரும் பேரிங்கை எப்படிப் பாதிக்கின்றன?

எண்ணெய் குளிரில் தடித்து, சூட்டில் இளகும். குளிர்ந்த நிலையில் தொடங்கும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டம் எடுத்துக்கொள்கிறது. மிகச் சூடான நிலையில் படலத்தின் விறைப்பு குறைந்து அது எளிதாக அசைந்து கொடுக்கிறது. விவரத்தாள்களில் பொதுவாகக் காணப்படும் 5 முதல் 60 பாகை செல்சியஸ் என்ற எல்லைக்குள் வடிவமைப்பு இதைச் சமாளிக்கிறது. குளிரான இடத்திலிருந்து கொண்டுவந்த வன்தட்டை உடனே ஓட்டாமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் வைத்திருப்பது எண்ணெய்க்கும் நல்லது, ஈரம் படிவதையும் தவிர்க்கும். "குளிர்ச்சியாக வைத்தால் ஆயுள் கூடும்" என்ற நம்பிக்கையைக் கூகுளின் ஆய்வு ஆதரிக்கவில்லை. இதமான சூட்டில் இருந்தவற்றைவிடக் குளிர்ச்சியாக இருந்தவையே அதிகம் பழுதாகின. மிக அதிக வெப்பம் தீங்கு செய்தது, குறிப்பாக மூன்று ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு.

5,400 சுற்று வகை, 7,200 சுற்று வகையைவிடப் பேரிங்குக்கு நல்லதா?

வேகம் குறைந்தால் உராய்வும் வெப்பமும் ஒலியும் குறையும் என்பது சரி. அதனால் பேரிங்கின் ஆயுள் உங்களுக்குத் தெரியும்படி நீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சுற்றில் பாதிக்குக் காத்திருக்கும் சராசரி நேரம் 7,200-இல் 4.17 மில்லிநொடி, 5,400-இல் 5.56 மில்லிநொடி. படியெடுத்து வைக்க மட்டும் என்றால் மெதுவானது போதும்.

ஹீலியம் நிரப்பிய வன்தட்டுகளில் பேரிங் வேறா?

திரவ பேரிங்தான். ஹீலியத்தின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்கு என்பதால் தட்டுகளுக்கு எதிர்ப்பும் அலைக்கழிப்பும் குறைகின்றன, மோட்டாருக்கு வேலை குறைகிறது. 2013-இல் ஹெச்ஜிஎஸ்டி நிறுவனம் ஏழு தட்டுகள் கொண்ட 6 டெராபைட் வன்தட்டை இந்த முறையில் கொண்டுவந்தது. பெரிய கொள்ளளவுகளில் இன்று இதுவே வழக்கம்.

விசிறிகளில் பேரிங் வகையைப் பார்க்கச் சொல்கிறார்களே, அது ஏன்?

அங்கே அது முறையான கேள்வி. கணினிப் பெட்டியின் விசிறிகளில் தண்டு ஓர் உறைக்குள் நேராகச் சுழலும் சாதாரண உறை பேரிங், பால் பேரிங், திரவ பேரிங் என எல்லா வகையும் இன்றும் விற்கின்றன; ஆயுளும் ஒலியும் வகைக்கு வகை வெளிப்படையாகவே மாறுகின்றன. வன்தட்டைப் பற்றிய அறிவுரை இன்னும் நீடிப்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரிங்கைத் தேடித்தான் ஆக வேண்டும் என்றால், வன்தட்டுக்குக் காற்று தரும் விசிறியில் தேடுங்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் பயன்பாட்டை முடிவு செய்யுங்கள். சாதாரண மேசைக் கணினி வகைக்கு ஆண்டுக்கு 55 டெராபைட், வீட்டுச் சேமிப்பகங்களுக்கான வகைக்கு 180 டெராபைட், தரவு மைய வகைக்கு 550 டெராபைட் என்ற அளவில் படிக்கவும் எழுதவும் வரம்பு சொல்லப்படுவது வழக்கம். இரவு பகலாக ஓடும் பெட்டியில் முதல் வகையைப் போட்டுவிட்டுப் பேரிங்கைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒரே பெட்டியில் பல வன்தட்டுகள் அருகருகே ஓடும் என்றால் ஒன்றின் அதிர்வு மற்றதைத் தாக்கும். அங்கே அதிர்வை உணர்ந்து ஈடுசெய்யும் உணரி உள்ளதா, தண்டு மேலும் கீழும் என இரு முனைகளிலும் பிடிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது பொருளுள்ளது. பேரிங்கின் வகையைவிட அது எப்படிப் பிடிக்கப்பட்டுள்ளது என்பது இன்று முக்கியமாகிவிட்டது.

தடங்களை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் எஸ்எம்ஆர் முறையா, தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் முறையா என்பதையும் பாருங்கள்; முதலாவது தொடர்ந்து எழுதும் வேலைக்கு ஏற்றதல்ல. உத்தரவாதக் காலம் இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகள் என வேறுபடும். தன் பொருளைப் பற்றித் தயாரிப்பாளரின் உண்மையான மதிப்பீடு விளம்பரத்தில் அல்ல, அதில்தான் வெளிப்படுகிறது. முன்பு பயன்படுத்தியதை வாங்கினால் ஸ்மார்ட் பட்டியலின் 9-ஆம் எண்ணில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள், பின்பு முழுப் பரப்பையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதியுங்கள். இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவை வைப்பதாக இருந்தால், ஒரே பெட்டியில் ஒரே நாளில் செய்யப்பட்ட இரட்டையர்களை வாங்காதீர்கள். ஒன்றின் குறை மற்றதிலும் இருக்கும்.

எப்போதாவது பயன்படுத்தும் வன்தட்டை அலமாரியில் வைத்திருந்தால் பேரிங் சிக்கிவிடுமா?

பழைய பால் பேரிங்குகளில் கிரீஸ் இறுகுவது உண்டு. திரவ பேரிங்கில் அது அரிது. ஆயினும் ஆண்டுக்கு ஓரிரு முறை இணைத்து, சில மணி நேரம் ஓடவிட்டு, உள்ள கோப்புகளை முழுவதும் படித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். பேரிங்குக்காக என்பதைவிட, கோப்புகள் இன்னும் படிக்கும் நிலையில் உள்ளனவா என்று தெரிந்துகொள்வதற்காக.

சிக்கிப்போன வன்தட்டைத் தட்டினால், அல்லது குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகுமா?

முனை தட்டோடு ஒட்டிக்கொள்வது பரவலாக இருந்த பழைய காலத்தில், சட்டென்று ஒரு திருப்புத் திருப்பினால் விடுபட்டதுண்டு. குளிர்பெட்டி வழியும் அந்தக் காலத்துக் கதைதான். இன்றைய தட ​நெருக்கத்தில் அப்படிச் செய்வது முனையைப் பிய்த்துத் தட்டைக் கீறிவிடும்; குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் ஈரம் படியும். திரவ பேரிங் உண்மையிலேயே கவ்விக்கொண்டிருந்தால், அதை எண்ணெயிட்டுச் சரிசெய்ய முடியாது. தரவு மீட்பவர்கள் தூசியற்ற அறையில் தட்டுகளை அப்படியே கழற்றி, அதே மாதிரியின் நல்ல மோட்டார் கொண்ட உடலுக்கு மாற்றுகிறார்கள். பல தட்டுகள் இருந்தால் அவை ஒன்றுக்கொன்று இம்மியும் திரும்பிவிடாதபடி தனிக் கருவியால் சேர்த்துப் பிடித்துத் தூக்க வேண்டும். மூடியின் நடுவில், மோட்டாருக்கு நேர் மேலே ஒரு திருகாணி தெரிந்தால், அது தண்டின் மேல்முனையை மூடியோடு பிடித்திருப்பது. அதைத் தளர்த்திப் பார்க்க வேண்டாம்; தண்டின் நிலை மாறி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டும் அதன்பின் தன் தடங்களைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.